சுங்கை சிப்புட் 'பந்துக் கடை': ஒரு கல்லூரி அணி ஒரு பருவம் முழுக்க நம்பிய கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கூடைப்பந்துச் சாமான் எதுவும் கிடைக்காது, ஈப்போவுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்று இன்னமும் நிறைய பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அலைச்சல் தேவையில்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், ஊருக்குள் வந்ததும் வரும் கடைவீட்டு வரிசையில், கைத்தொலைபேசிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது, பலகையைப் பார்த்து யாரும் அங்கே போவதும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் அது 'பந்துக் கடை'தான்.

பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் நிர்வாகி. ஜெர்சி அடிப்பது, பந்து வாங்குவது, வேன் பிடிப்பது, யாருக்குக் கால் பிசகினாலும் ஓடுவது எல்லாம் என் வேலை. சென்ற பருவம் முழுவதும் எங்கள் அணி இந்தக் கடையை வைத்துத்தான் ஓடியது. அதனால் இது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் பூப்பந்து மட்டைகள், மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரம், காற்பந்து காலணிகள், கூரையிலிருந்து தொங்கும் வலைப்பையில் சேப்பாக் தக்ரோ பந்துகள். கூடைப்பந்துக்கு இடது பக்கச் சுவர் மட்டும்தான். அதைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள், பின்னால் கிடங்கில் இன்னும் இருக்கிறது. கடைக்கார அண்ணனும் அவர் மனைவி அக்காவும்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள், பள்ளி விடுமுறையில் மகன் வந்து நிற்பார். அண்ணன் இளவயதில் ஊர்ச் சீனப் பள்ளித் திடலில் சீனப் பையன்களோடு சேர்ந்து ஆடி வளர்ந்தவர். நம் மக்கள் பெரும்பாலும் காற்பந்து, ஹாக்கி என்று போகிற ஊரில் கூடைப்பந்து தெரிந்த தமிழ்க் கடைக்காரர் கிடைப்பது லேசில்லை.

பந்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நாங்கள் முதலில் கேட்டது அதைத்தான். தோல் மாதிரி வழவழவென்று இருக்கும் நல்ல பந்து நாலு வேண்டும் என்று கேட்டோம். அண்ணன் எடுத்துத் தரவில்லை. "சிமெண்டுல ஆடப் போறீங்களா, ஹால்ல ஆடப் போறீங்களா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். எங்களுக்கு வாரத்தில் பெரும்பகுதி திறந்தவெளிச் சிமெண்டுத் தளம், மண்டபம் கிடைப்பது பூப்பந்துக்காரர்கள் விட்டுக்கொடுக்கும் இரவில் மட்டும். அதைக் கேட்டதும் செயற்கைத் தோல் பந்து ஒன்று, ரப்பர் பந்து மூன்று என்று அவரே மாற்றிக் கொடுத்தார். செயற்கைத் தோல் பந்து மரத்தளத்துக்காகச் செய்தது. சிமெண்டில் தட்டினால் மேல்தோல் உரிந்து பிடிமானம் போய்விடும், மழையில் நனைந்தால் கனம் ஏறும். ரப்பர் பந்து ஒன்று 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்னே பின்னே, செயற்கைத் தோல் பந்து அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. நாலும் விலை கூடியதாக விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம், அன்றைக்கு அவர் அதைச் செய்யவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

எல்லாப் பந்தும் 7ஆம் எண், ஆண்களுக்கான அளவு, எடை 600 கிராமை ஒட்டி இருக்கும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அண்ணன் தலை உயரத்திலிருந்து கீழே விட்டுப் பார்த்தார். இடுப்புக்கு மேலே எழும்பாதவற்றுக்குக் காற்று அடித்தார். அடிக்கும்போது ஊசியை நாக்கில் வைத்து ஈரமாக்கிவிட்டுத்தான் செருகினார். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வின் உதடு கிழிந்து, அப்புறம் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காதாம். இதை எங்கள் பையன்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்துச் செய்ய வைத்தார். போன பருவத்தில் வால்வு போய் ஒரு பந்தைக்கூட நாங்கள் தூக்கிப் போடவில்லை.

காற்றுப் பை பற்றியும் சொன்னார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள்தான் எங்கள் அணியில் பாதிப் பேர். ஒரு பையன், "அண்ணே, பந்துக்குள்ள இருக்கிறது நம்ம தோட்டத்து ரப்பரா?" என்று கேட்டான். வெளி உறையில் இயற்கை ரப்பர் கலந்திருக்கும், உள்ளே இருக்கும் காற்றுப் பை பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவது என்று விளக்கினார். இயற்கை ரப்பர் எவ்வளவு நன்றாக இழுபட்டாலும் காற்றை மெல்லக் கசியவிடும், பியூட்டைல் அப்படி விடாது. கார் டயரின் உட்குழாயும் அதனால்தான் பியூட்டைலில் செய்கிறார்கள். சாமான் விற்கிற இடத்தில் இப்படிப் பதில் கிடைப்பது அபூர்வம்.

அடுத்து காலணி. கடைக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணியில் ஒரு பையன் எங்கேயோ தள்ளுபடி விலையில் ஒரு பெரிய கம்பெனி ஷூ வாங்கி வந்திருந்தான். பெட்டி பிரிக்காதது, பார்க்கப் புதுசு. இரண்டாவது பயிற்சியிலேயே குதிகால் பக்கம் அடிப்பாகம் பிளந்துவிட்டது. பசை ஒட்டித் தருவார் என்று கடைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் பிளந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அடிப்பாக ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தென்ற நடு அடுக்கு பொலபொலவென்று உதிர்ந்தது, மஞ்சள் தூள் கண்ணாடி மேசை மேல் விழுந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்புறம் ஷூ நாக்கின் உட்புறம் தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டைத் திருப்பித் தயாரித்த தேதியைக் காட்டினார். "தம்பி, இத ஒட்ட முடியாது. பொட்டிக்குள்ளயே இதுக்கு வயசாயிருச்சு."

விஷயம் இதுதான். பாலியூரிதேன் என்னும் பொருளில் செய்த நடு அடுக்கு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடக்காமல் பெட்டியிலேயே கிடந்தால் தப்பித்துவிடும் என்பதும் இல்லை, பார்ப்பதற்குப் புதிதாகவே இருந்து ஒருநாள் காலடியில் நொறுங்கும். இ.வி.ஏ. என்ற நுரையில் செய்தவை இப்படி உதிராது, நாளாக நாளாகத் தட்டையாகி மெத்தென்று இருப்பது குறையும், அவ்வளவுதான். ஆகவே, பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு ஓரத்தை அழுத்திப் பாருங்கள். அண்ணன் தன் கடைச் சரக்கிலும் அப்படியே செய்கிறார், தேதி தள்ளிப்போன ஜோடிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுகிறார். நான் கேட்டதற்கு, "கால் போனா யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் சொன்னார்.

சிமெண்டுத் தளத்துக்கு அடிப்பாக ரப்பர் கெட்டியாக, கோடுகள் ஆழமாக இருக்க வேண்டும். மண்டபத்துக்கு மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதையே சிமெண்டில் போட்டால் சில வாரத்தில் முன்பாதம் வழுக்கையாகிவிடும். எங்களால் ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்க முடியாது. கெட்டி அடிப்பாகம் உள்ளதையே வாங்கச் சொல்லி, மண்டபத்தில் ஆடும் இரவுகளில் ஈரத்துணி ஒன்றைக் கோட்டுக்கு வெளியே விரித்துவைத்து ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் காலைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். பூப்பந்துத் தளத்தில் மாவு மாதிரி ஒரு தூசி எப்போதும் இருக்கும், ஆடியவர்களுக்குத் தெரியும். துணி விரித்த நாளிலிருந்து சறுக்கி விழுவது குறைந்தது. அந்தத் துணிக்கும் அவர் காசு வாங்கவில்லை, பழைய துண்டு ஒன்றை அக்கா எடுத்துக் கொடுத்தார்.

ஜெர்சி. கடையில் அச்சடிப்பது இல்லை, ஈப்போவில் உள்ள ஓர் அச்சகத்துக்கு அனுப்பித் துணியோடு சாயம் ஏற்றும் முறையில் அடித்து வாங்குகிறார்கள். மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்த்து 50 வெள்ளிக்குள் முடிந்தது. துவைத்துத் துவைத்துப் பருவம் முடியும்வரை எண் உரியவில்லை, வெளுக்கவில்லை. மேலே ஒட்டுகிற எண்ணாக இருந்தால் ரமலான் மாதம் தாண்டியிருக்காது.

எண் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஃபுளோரிடா கதை ஆரம்பித்தது. எங்கள் அணியில் பந்தைத் தட்டிக்கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பையன் 1ஆம் எண்தான் வேண்டும் என்று நின்றான், அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியில் வால்டர் கிளேட்டன் ஜூனியர் அப்போது போட்ட எண். அண்ணன் உடனே, "எங்க காலத்துல 1 போட்டுக்கிட்டுத் திடலுக்குள்ளயே போக முடியாது" என்றார். உண்மைதான். அனைத்துலகக் கூடைப்பந்துச் சங்கமான ஃபிபாவின் விதியில் முன்பெல்லாம் 4 முதல் 15 வரைதான் எண்கள், 2014க்குப் பிறகுதான் 0, 00, 1 முதல் 99 வரை என்று திறந்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. தவறு செய்தவரின் எண்ணை நடுவர் விரலால் காட்ட வேண்டும், ஒரு கையில் ஐந்து விரல்தானே, ஆகவே 6, 7, 8, 9 வரும் எந்த எண்ணும் கூடாது. அதையும் 2023–24 பருவத்தில்தான் தளர்த்தினார்கள். பையனுக்கு 1 கிடைத்தது.

பயிற்சிச் சட்டைக்கு முதுகில் பெயரைத் தமிழில் போட வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும்கூடத் தங்கள் பெயரைத் தமிழிலேயே எழுதச் சொன்னார்கள், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். முதல் மாதிரி வந்தபோது லோகேஷ் என்ற பெயரில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அச்சகத்தின் வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் உயிர்மெய் சிதறும். பல இடங்களில் இதை அப்படியே அடித்துத் தந்துவிட்டு, "நீங்கள் அனுப்பியதைத்தான் போட்டோம்" என்பார்கள். இங்கே அக்கா மாதிரியைக் கையில் வாங்கிய உடனே கண்டுபிடித்தார், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அச்சகத்தைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். திருத்திய மாதிரி வந்து, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்து, அப்புறம்தான் மொத்தமும் அடிக்கச் சொன்னார். கூடுதல் காசு கிடையாது. தமிழில் அச்சடிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகலாம்.

ஃபுளோரிடாவுக்கு வருகிறேன். 2024–25 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவத்தில் அவர்களுக்கு 36 வெற்றி, 4 தோல்வி. ஜனவரியில் அப்போது நாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டென்னசி பல்கலைக்கழக அணியை 73–43 என்று நசுக்கினார்கள், பிப்ரவரியில் முதலிடத்தில் இருந்த ஆபர்னை அதன் சொந்தத் திடலிலேயே 90–81 என்று வென்றார்கள். கிளேட்டன் பிறந்து வளர்ந்த லேக் வேல்ஸ் ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் பையன்களுக்கு அவர்மேல் தனிப் பாசம். தோட்டத்து ஊர்ப் பிள்ளை என்றால் அது ரப்பரோ செம்பனையோ ஆரஞ்சோ, நம் ஆள்தானே.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அண்ணன் மகன் சந்தா கட்டி வைத்திருக்கிறார். அங்கே இரவு என்றால் நமக்குக் காலை, ஆகவே ஃபுளோரிடாவும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் மோதிய அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதி ஆட்டம் இங்கே 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதை ஒட்டித் தொடங்கியது. பெருநாள் பலகாரம் இன்னும் வீடுகளில் தீராத வாரம். பையன்கள் கேட்டதற்காக அண்ணன் வழக்கத்தைவிட முன்னாலேயே கடையைத் திறந்துவைத்தார். மலாய் நண்பர்கள் குவே கொண்டுவந்தார்கள், அக்கா தே ஓ கலக்கிக் கொடுத்தார், எல்லோரும் ஷூப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் பாதியில் கிளேட்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளி அடித்த ஆள் அவர். இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் 12 புள்ளி முந்திவிட்டது, எங்கள் 1ஆம் எண் பையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அங்கிருந்துதான் மெல்ல மெல்ல வந்தார்கள். 46 விநாடி இருக்கும்போது ஃபுளோரிடாவின் அலைஜா மார்ட்டின் இரண்டு தனி எறிகளையும் (ஃப்ரீ த்ரோ) போட்டு 64–63 ஆக்கினார். கடைசியில் 65–63. மொத்த ஆட்டத்திலும் ஃபுளோரிடா முந்தியிருந்தது ஒரு நிமிடம் சொச்சம்தான். கடைசி விநாடிகளில் ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்ப, கிளேட்டன் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். எழும்பியவரால் எறியவும் முடியவில்லை, பந்தைப் பிடித்தபடி தரையிறங்கினால் விதிமீறல், ஆகவே பந்தைக் கீழே விட்டுவிட்டார். தானே அதைத் தொடவும் முடியாமல் அது துள்ளிக்கொண்டு கிடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து போய் ஃபுளோரிடாவுக்கு ஆடிய அலெக்ஸ் காண்டன் அதன் மேல் விழுந்தார். முடிந்தது. 2006, 2007க்குப் பிறகு ஃபுளோரிடாவுக்கு மூன்றாவது பட்டம்.

அந்தக் கடைசிக் காட்சியை அண்ணன் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். கிளேட்டனின் கையைப் பார்க்காதே, காலைப் பார் என்றார். பாய்ந்து வருகிறார், ஆனால் எதிராளி மேல் மோதவில்லை, தவறு கொடுக்கவில்லை. எங்கள் அணி இரண்டு ஆட்டங்களைக் கடைசி நிமிடத்தில் அப்படி மோதித் தவறு கொடுத்துத்தான் இழந்திருந்தது. பிறகு மார்ட்டினின் தனி எறியைக் காட்டினார். "இதுக்கு வெல கூடுன ஷூவும் வேணாம், புதுப் பந்தும் வேணாம். தெனமும் போட்டுப் பழகுங்க, போதும்." சாமான் விற்கிற மனிதர் இதைச் சொன்னார். அன்று மாலையிலிருந்து பயிற்சி முடிந்தால் ஆளுக்கு ஐம்பது தனி எறி என்று அணித்தலைவரே விதி வைத்துவிட்டார். அதற்குப் பின் வந்த நெருக்கமான ஆட்டம் ஒன்றை நாங்கள் வென்றதும் தனி எறிக் கோட்டில்தான்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய கால்காரர்களுக்குக் கஷ்டம். அமெரிக்க அளவு 12க்கு மேல் கையிருப்பில் இருக்காது, சொல்லிவைத்தால் வர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. எங்கள் உயரமான பையன் அதுவரை பழைய ஷூவுக்குப் பசை போட்டுச் சமாளித்தான். பெண்கள் அணிக்கு வேண்டிய சாமான் ரொம்பக் குறைவு, 6ஆம் எண் பந்து கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் கல்லூரியிலேயே பெண்கள் அணி உருவாகி வருகிறது, அண்ணன் இதைக் கவனிக்க வேண்டும், அவரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். கணுக்கால் பட்டை ஒரே ரகம்தான், அதுவும் அகலம் பத்தவில்லை. வங்கி அட்டை எடுப்பதில்லை, ரொக்கம் அல்லது கியூஆர். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் மாலையில் காரை நிறுத்த இடமே கிடைக்காது, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அவசரமாக ஒரு சாமான் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று போனால் பொறுமை வேண்டும். அண்ணன் கேள்வி கேட்பார், எங்கே ஆடுகிறாய், அணியில் எந்த நிலையில் ஆடுகிறாய், முன்னால் அடிபட்டிருக்கிறதா என்று. பதில் சொல்லிவிட்டு வாங்கினால் நல்ல சாமானோடு வருவீர்கள்.

பணம் விஷயம். கல்லூரியிலிருந்து காசு கைக்கு வரப் பருவத்தில் பாதி போய்விடும், கல்லூரி அணி நடத்தியவர்களுக்குத் தெரிந்த கதைதான். அண்ணன் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் எங்கள் அணிக்கு ஒரு பக்கம் போட்டு, முன்பணம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்துத் தோட்டத்து மளிகைக் கடை மாதிரி சம்பள நாள் பார்த்துக் காத்திருந்தார், ஒரு தடவைகூட நினைவூட்டித் தொலைபேசி அடிக்கவில்லை. நாங்களும் வந்த அன்றே கொண்டுபோய்க் கட்டினோம். இது எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கேட்டுப் பாருங்கள். இணையத்தில் பந்து ஐந்து வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம், ஜெர்சியும் கிடைக்கலாம். கொம்பு இடம் மாறியதைக் கண்டுபிடிக்கவும், ஷூவை அழுத்திப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணி சுமாருக்குத் திறக்கிறார்கள், மதியம் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், இரவு ஒன்பதைத் தாண்டியும் விளக்கு எரியும். ரமலானில் தராவீ (இரவுத் தொழுகை) முடிந்து எங்கள் பயிற்சி தொடங்கும் என்பதால் இன்னும் தாமதமாகக்கூட மூடினார்கள். ஜெர்சி அடிப்பதானால் முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், தமிழ்ப் பெயர்களை யுனிகோடில் தட்டச்சு செய்து, கூடவே கையாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அக்கா அந்தத் தாளை வைத்துத்தான் சரிபார்ப்பார். பட்டையும் ஒட்டும் நாடாவும் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஷூ வாங்கப் போகும்போது ஆடும்போது போடுகிற தடித்த காலுறையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், மாலை நேரமாகப் போங்கள், நடந்து அலைந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஆட்டத்துக்குச் சரியாக வரும்.